முன்கைத் தழும்புக்கும் காதுக் கட்டிக்கும் ஒரே ஊசி உருளையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

பவளமல்லி | திங்கள், காலை 10.15

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. சென்ற தீபாவளிக்கு முறுக்குச் சுடும்போது அச்சு கை நழுவிச் சட்டியில் விழுந்தது. தெறித்த எண்ணெய் வலது முன்கையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கொட்டிவிட்டது. புண் ஆற ஐந்து வாரம் ஆயிற்று. ஆறிய பிறகுதான் தொல்லை தொடங்கியது. தோல் சிவந்து, தடித்து, கயிறு திரித்ததுபோல் எழும்பி நிற்கிறது. பகலில் பொறுத்துக்கொள்கிறேன். இரவில் அரிப்புத் தாங்க முடியவில்லை. தூக்கத்தில் சொறிந்து தலையணை உறையில் இரத்தக் கறை படிந்த நாட்கள் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும்போது இடது காதின் மேல்மடலில் இரண்டாவது துளை போட்டுக்கொண்டேன். ஓர் ஆண்டு கழித்து அதன் பின்புறம் ஒரு பருப்பு அளவில் கட்டி வந்தது. என் மகன் வயிற்றில் இருந்தபோது அது வேகமாக வளர்ந்தது. இப்போது புளியங்கொட்டை அளவு, அதே வழுவழுப்பு. தலை வாரும்போது சீப்பு பட்டால் சுரீரென்கிறது.

எங்கள் ஊரில் ஓர் அழகு நிலையத்தில் இரண்டையும் காட்டினேன். "இரண்டும் தழும்புதான், ஆறு முறை மைக்ரோ நீட்லிங், அதாவது நுண்ணூசிகளால் தோலைக் குத்துவது, செய்து, நடுநடுவே ஒளிச் சிகிச்சையும் கொடுத்தால் சமமாகிவிடும்" என்று சொல்லி 24,000 ரூபாய் கேட்கிறார்கள். முன்பணம் இன்னும் கட்டவில்லை. செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஆற்றங்கரை | திங்கள், காலை 11.02

சகோதரி, முன்பணம் கட்டாதீர்கள். காதுக்கு நிச்சயம் வேண்டாம்.

எனக்கு நெஞ்சின் நடுவில் கீலாய்டு, அதாவது காயத்தைத் தாண்டி வளரும் தழும்பு, இருக்கிறது. 22 வயதில் ஒரு பரு வந்து உடைந்த இடம். முதலில் அரிசி அளவுதான் இருந்தது. இணையத்தில் யாரோ சொன்னதை நம்பி, 1.5 மில்லிமீட்டர் ஊசிகள் கொண்ட டெர்மா ரோலர் வாங்கி, வாரம் ஒருமுறை நானே அதன்மேல் உருட்டினேன். இரண்டு மாதம் செய்தேன். மூன்றாம் மாதம் அந்த அரிசியின் இருபுறமும் இரண்டு கால்கள் முளைத்ததுபோல் தழும்பு பக்கவாட்டில் நீண்டது. ரோலர் போன வழியெல்லாம் சிறு சிறு மேடுகள். இன்றைக்கு அது என் சுண்டுவிரல் நீளம். சட்டையின் இரண்டாவது பித்தான் அதன்மேல் உரசும் இடத்தில் எந்நேரமும் எரிச்சல்.

மருத்துவரிடம் போனபோது அவர் என்னைத் திட்டவில்லை. "இது காயத்துக்கு வளரும் நோய். நீங்கள் வாராவாரம் நூற்றுக்கணக்கில் காயம் கொடுத்திருக்கிறீர்கள்" என்று மட்டும் சொன்னார். அந்த வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது.

மருதம் | திங்கள், மதியம் 2.40

பவளமல்லி, நான் தோல் மருத்துவர். மாவட்டத் தலைநகர் ஒன்றில் 16 ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நேரில் பார்க்காமல் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியதைப் படிக்கும்போதே தெரிகிறது, உங்களிடம் இருப்பவை இரண்டு வெவ்வேறு தழும்புகள். "இரண்டும் தழும்புதான்" என்று சொன்னவர்கள் அந்த ஒரு சொல்லிலேயே சறுக்கிவிட்டார்கள்.

கையில் இருப்பது, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், ஹைப்பர்ட்ரோபிக் தழும்பு. தமிழில் தடித்த தழும்பு என்று சொல்லலாம். காயம் பட்ட எல்லைக்குள்ளேயே மேலே எழும்பும். பக்கத்துத் தோலுக்குள் நுழையாது. காயம் ஆறிய சில வாரங்களில் தொடங்கும், சில மாதங்கள் பொங்கும், பிறகு மெல்ல மெல்லத் தானாகவே தணியவும் செய்யும். மூன்று வாரத்துக்குள் ஆறாத தீப்புண்களில் இது வருவதற்கு வாய்ப்பு மிக அதிகம். உங்களுக்கு ஐந்து வாரம் ஆகியிருக்கிறது.

காதில் இருப்பது கீலாய்டு. துளை ஊசிமுனை அளவு, கட்டி புளியங்கொட்டை அளவு. காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. துளை போட்டு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் தொடங்கும். தானாக வற்றாது. கர்ப்ப காலத்திலும் பருவ வயதிலும் வேகமெடுக்கும். காது மடல், நெஞ்செலும்பின் மேல், தோள், மேல்முதுகு, தாடை ஓரம் ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். நம்மைப் போன்ற கருமையான தோலுள்ளவர்களுக்கு அதிகம் வரும்; குடும்பத்தில் தொடர்ந்தும் வரும். இந்தப் பெயரை வைத்தவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் இருந்த அலிபர் என்ற மருத்துவர். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். ஆற்றங்கரை எழுதிய "இரண்டு கால்கள் முளைத்தது" என்பதைத்தான் அவரும் பார்த்திருக்கிறார்.

இந்த இரண்டுக்கும் ஒரே தொகுப்புச் சிகிச்சை விற்பவரிடம் போகாதீர்கள்.

கயல் | திங்கள், மாலை 5.30

டாக்டர், மரியாதையுடன் ஒரு மாற்றுக் கருத்து. மைக்ரோ நீட்லிங்கைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவதாகத் தோன்றுகிறது. என் கன்னங்களில் பருத் தழும்புகள் குழிகுழியாக இருந்தன. தோல் மருத்துவரிடமே ஐந்து முறை செய்துகொண்டேன். மரப்புக் களிம்பை ஒரு மணி நேரம் பூசி ஊறவைத்துத்தான் செய்தார்கள். இரண்டு நாள் முகம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். குழிகளில் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டன. எனக்கு அது புது முகம் கொடுத்தது. ஒருவருக்குக் கெட்டது என்பதால் எல்லோருக்கும் கெட்டது என்று ஆகிவிடாது அல்லவா?

மருதம் | திங்கள், இரவு 8.10

கயல், உங்கள் அனுபவம் முற்றிலும் உண்மை. நானும் குழித் தழும்புகளுக்கு மைக்ரோ நீட்லிங் செய்கிறேன். நல்ல பலன் தருகிறது. உங்கள் கன்னத்தில் அது ஏன் வேலை செய்தது என்று பார்த்தால், பவளமல்லியின் காதில் ஏன் செய்யக்கூடாது என்பதும் விளங்கிவிடும்.

ஊசி தோலில் இறங்கும்போது நூற்றுக்கணக்கான நுண்காயங்கள் ஏற்படுகின்றன. உடல் அவற்றை ஆற்ற விரைந்து, கொல்லாஜன் என்ற தோல் இழைப் புரதத்தைப் புதிதாக உருவாக்குகிறது. குழித் தழும்பில் குறைவாக இருப்பது கொல்லாஜன். ஆகவே குழி நிரம்புகிறது. கீலாய்டில் கொல்லாஜன் ஏற்கெனவே மலையாகக் குவிந்திருக்கிறது. நிறுத்தச் சொல்லும் கட்டளை அந்த உடலுக்குச் சரியாகக் கேட்பதில்லை. அங்கே போய் மீண்டும் "உருவாக்கு" என்று தட்டி எழுப்பலாமா? கீலாய்டு வரும் உடல்வாகு உள்ளவர்களுக்கு மைக்ரோ நீட்லிங் கூடாது என்பது இந்தச் சிகிச்சையின் அடிப்படை எச்சரிக்கைகளில் ஒன்று. முகத்தில் குழி இருந்தாலும், நெஞ்சிலோ காதிலோ கீலாய்டு இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் நான் ஊசியைத் தொடுவேன்.

இந்தச் சிகிச்சை பிறந்த கதையும் தழும்பில்தான் தொடங்குகிறது. மான்ட்ரியாலில் காமிரான், டூசே என்ற இரு மருத்துவர்கள் வெளிறிய அறுவைத் தழும்புகளை மறைக்க, பச்சை குத்தும் கருவியால் தோல்நிறச் சாயம் ஏற்றினார்கள். ஓரிரு ஆண்டுகளில் சாயம் மறைந்துவிட்டது. ஆனால் தழும்பு மிருதுவாகி, இயல்பான நிறமும் திரும்பியிருந்தது. சாயம் இல்லாமல் ஊசி மட்டும் போதும் என்று 1997-இல் எழுதினார்கள். கேப் டவுனைச் சேர்ந்த டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் உருளைக் கருவியைப் பரப்பினார். அந்த முதல் தழும்புகள் வெளிறி அடங்கியவை என்பதைக் கவனியுங்கள். சிவந்து பொங்கும் தழும்பு அல்ல.

பவளமல்லியின் கைத் தழும்பு முழுவதும் அடங்கி, சிவப்பும் அரிப்பும் போன பிறகு, மேற்பரப்பு மட்டும் கரடுமுரடாக இருந்தால் அப்போது ஊசியைப் பற்றி யோசிக்கலாம். இன்றைக்கு வேண்டாம்.

ஒளியியல் | செவ்வாய், காலை 6.20

நான் மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர். என் மகளுக்குத் தோளில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட இடம் கீலாய்டாக மாறியது. அவளை அழைத்துக்கொண்டு மூன்று இடங்களுக்குப் போனேன். மூன்று இடத்திலும் "லேசர்" என்ற ஒரே சொல்லைச் சொன்னார்கள். மூன்று இடத்திலும் இருந்தது வேறு வேறு கருவி. அந்தக் குழப்பம் உங்களுக்கு வேண்டாம் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

சித்திரை வெயிலில் கருப்புக் குடை கொதிக்கும், வெள்ளை வேட்டி கொதிக்காது. ஒரே வெயில்தான். எது ஒளியை விழுங்குகிறதோ அதுதான் சூடாகும். தோலில் ஒளியை விழுங்குபவை முக்கியமாக மூன்று: இரத்தத்தின் ஹீமோகுளோபின், தோல் நிறத்தைத் தரும் மெலனின், பிறகு தண்ணீர். சரியான அலைநீளத்தைத் தேர்ந்து, சரியான கால அளவுக்கு மட்டும் ஒளியைப் பாய்ச்சினால், பக்கத்தில் இருப்பதைச் சுடாமல் குறிவைத்ததை மட்டும் சூடாக்கலாம். 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இருவர் வெளியிட்ட கருத்து இது. இன்றைய தோல் லேசர்கள் பெரும்பாலும் இதன்மேல் நிற்கின்றன.

சாய லேசர், அதாவது பல்ஸ்டு டை லேசர், 585 அல்லது 595 நானோமீட்டர். மஞ்சள் ஒளி. ஹீமோகுளோபின் அதை நன்றாக விழுங்கும். தழும்புக்கு உணவூட்டும் நுண்குழாய்கள் சூடாகி அடைபடும். சிவப்பும் அரிப்பும் குறையும். தழும்பும் மெல்லத் தணியும். ஆனால் இது ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டித்தான் இறங்கும். புளியங்கொட்டை அளவுக் கட்டியின் அடிவரை போகாது. இன்னொன்று, இரத்தக் குழாய்க்குப் போகும் வழியில் மெலனின் நிற்கிறது. கருமையான தோலில் அது பாதி ஒளியை வழியிலேயே பிடித்துக்கொண்டால் மேல்தோல் வெந்துவிடும். ஆகவே ஆற்றலைக் குறைத்து, மேல்தோலைக் குளிரூட்டிக்கொண்டே செய்யவேண்டும்.

என்டி யாக் லேசர் 1064 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மெலனின் இதை அவ்வளவாகத் தொடாது, ஆழமாகவும் இறங்கும். நம் தோலுக்கு இது சற்றுப் பாதுகாப்பான வழி. டோக்கியோவில் ரெய் ஒகாவா என்ற மருத்துவரின் குழு கீலாய்டுக்கு இதை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறது.

கார்பன் டை ஆக்சைடு லேசர் 10,600 நானோமீட்டர். இதைத் தண்ணீர் விழுங்கும். தோலெங்கும் தண்ணீர் இருப்பதால் பட்ட இடம் ஆவியாகும். பின்ன முறையில், ஃப்ராக்‌ஷனல் என்பார்கள், சல்லடைபோல் நுண்துளைகள் மட்டும் போட்டு, இடையில் நல்ல தோலை விட்டுவைப்பார்கள். துளைகளைச் சுற்றியுள்ள நல்ல தோலிலிருந்து ஆறுதல் தொடங்கும்.

ஐ.பி.எல். என்பது லேசரே அல்ல. செனான் விளக்கின் வெளிச்சத்தை வடிகட்டி, ஏறக்குறைய 500 முதல் 1200 நானோமீட்டர் வரை ஒரு பட்டையாகப் பாய்ச்சுவது. பல நிறங்கள் கலந்திருப்பதால் மெலனின் தன் பங்கைத் தவறாமல் எடுத்துக்கொள்ளும். அழகு நிலையங்களில் முடி அகற்ற வைத்திருப்பது பெரும்பாலும் இதுதான். பவளமல்லி, உங்களுக்குச் சொன்ன "ஒளிச் சிகிச்சை" எது என்று கேட்டீர்களா? அலைநீளத்தைச் சொல்ல முடியாதவர் கையில் தோலைக் கொடுக்காதீர்கள்.

பவளமல்லி | செவ்வாய், காலை 9.05

ஐயா, இன்று காலையிலேயே தொலைபேசியில் கேட்டேன். "வெள்ளை வெளிச்சம் வரும் மெஷின், எல்லாத் தோலுக்கும் ஒத்துக்கொள்ளும்" என்றார்கள். கண்ணுக்குக் காப்பு உண்டா என்று கேட்டதற்கு, கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்றார்கள்.

மருதம் | செவ்வாய், காலை 9.50

போதாது. ஒவ்வொரு அலைநீளத்துக்கும் தனிக் கண்ணாடி உண்டு. நோயாளிக்கும் வேண்டும், செய்பவருக்கும் வேண்டும், அறைக்குள் நிற்கும் எல்லோருக்கும் வேண்டும். காதருகே செய்யும்போது இதில் தளர்வே கூடாது.

ஆசிரியர் ஐயா தெளிவாக எழுதிவிட்டார். நான் சேர்ப்பது ஒன்று மட்டும். கீலாய்டில் எந்த லேசரும் தனியாக நின்று வென்றுவிடுவதில்லை. அறுத்து எடுத்தாலும், லேசரால் ஆவியாக்கினாலும், அதோடு விட்டுவிட்டால் திரும்ப வரும். அறுவை மட்டும் செய்தவர்களில் 45 முதல் 100 விழுக்காடு வரை மீண்டும் வளர்ந்ததாக மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. பல நேரம் முன்பைவிடப் பெரிதாகவும் வளரும். இன்றும் முதல் ஆயுதம் கட்டிக்குள் போடும் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசிதான். மில்லிலிட்டருக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை, ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை. அடங்காதவற்றில் 5-ஃப்ளுரோயுராசில் என்ற, புற்றுநோய்க்கும் பயன்படும் மருந்தைக் கலந்து போடுவோம். கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. ஒளி இவற்றுக்குத் துணை வரும். கார்பன் டை ஆக்சைடு லேசரால் துளைகள் போட்ட உடனே ட்ரையாம்சினலோன் மருந்தை மேலே சொட்டுவிட்டு உள்ளே இறங்கச் செய்யும் முறையும் உண்டு. பரந்த தீத்தழும்புகளில் எனக்குப் பிடித்த வழி அது.

நெய்தல் | செவ்வாய், மாலை 4.15

தீத்தழும்பைப் பற்றி நான் பேசலாம். என் தம்பிக்கு மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்துக் கழுத்திலும் வலது கையிலும் தீக்காயம். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில்தான் பிழைத்து வந்தான். தோல் ஒட்டு வைத்தார்கள். பிறகு அழுத்த உடை தைத்துக் கொடுத்தார்கள். நாளுக்கு 23 மணி நேரம் போட்டிருக்கவேண்டும், குளிக்க மட்டும் கழற்றலாம். சென்னை வெயிலில் அந்த இறுக்கமான உறைக்குள் கை வேர்த்து, அவன் கத்திரியை எடுத்துக் கிழிக்கப் போன நாள் உண்டு. நான் இரண்டாவது உடை வாங்கி, ஒன்றைத் துவைத்துக் காயவைக்கும்போது மற்றதைப் போட்டுவிடுவேன். ஓர் ஆண்டு அப்படி ஓடியது.

லேசர் அதற்குப் பிறகு, வேறோர் இடத்தில். பின்ன முறைக் கார்பன் டை ஆக்சைடு, இரண்டு மாத இடைவெளியில் நான்கு முறை. முதல் முறை முடிந்து கட்டைப் பிரித்தபோது தழும்பெங்கும் பழுப்புப் புள்ளிகள், ராகி மாவு தூவியதுபோல். ஒரு வாரத்தில் உதிர்ந்தன. தோற்றம் பெரிதாக மாறியது என்று சொல்லமாட்டேன். ஆனால் முன்பு முழங்கை முழுவதும் நீளாது. தோல் இழுத்துப் பிடிக்கும். மூன்றாம் முறைக்குப் பிறகு ஒருநாள் அவன் பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நின்றான். நான் பின்னிருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். விளம்பரங்களில் வரும் முன்-பின் படங்களில் இதைக் காட்ட மாட்டார்கள். அசைவு திரும்புவதும், அரிப்பு நிற்பதும், இரவில் தூங்குவதும் எங்களுக்குப் போதுமாக இருந்தன.

பணி முடித்த செவிலி | செவ்வாய், இரவு 9.00

மகளே பவளமல்லி, 31 ஆண்டு செவிலியாக இருந்தவள் நான். டாக்டர் சொல்ல நேரமில்லாத சில்லறை விஷயங்களைச் சொல்கிறேன்.

கீலாய்டுக்குள் போடும் ஊசி வலிக்கும். மறைக்க வேண்டியதில்லை. கட்டி கல்போல் இருப்பதால் மருந்து எளிதில் இறங்காது. பீச்சுகுழலை அழுத்தும் டாக்டரின் கட்டைவிரல் வெளுத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு முறைதான் கடினம், கட்டி இளகிய பிறகு வலி குறையும். மருந்து கட்டிக்குள் மட்டும் போகவேண்டும். பக்கத்துத் தோலில் கசிந்தால் அந்த இடம் வெளுத்து, மெலிந்து பள்ளமாகும். மாதவிலக்கு முன்பின்னாகலாம், பயப்படாதே, ஆனால் டாக்டரிடம் சொல். சர்க்கரை உள்ளவர்கள் ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரையைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

கைக்கு சிலிக்கோன் ஜெல் தாள் வாங்கு. தழும்பைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் ஒட்டியிருக்கவேண்டும். இரண்டு மூன்று மாதம் விடாமல். தினமும் தாளைக் கழற்றி, இளஞ்சூட்டு நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, காற்றில் உலர்த்தித் திரும்ப ஒட்டு. துண்டால் துடைத்தால் பஞ்சு ஒட்டிப் பசை போய்விடும். அடியில் வேர்க்குரு வந்தால் இரண்டு நாள் விடு. இரவில் நகம் வெட்டிக்கொண்டு, மெல்லிய பருத்தி உறை போட்டுக்கொண்டு படு.

உன் மகனுக்குக் காது குத்துவது இருந்தால் அதையும் யோசி. குடும்பத்தில் கீலாய்டு இருந்தால் குத்தாமல் இருப்பதே நல்லது. வழக்கத்தை விட முடியாது என்றால் சிறு வயதிலேயே முடித்துவிடு. 11 வயதுக்கு மேல் குத்துபவர்களுக்குத்தான் கீலாய்டு அதிகம் வருகிறது.

வைகறை | புதன், காலை 7.30

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு 61 வயது, பைபாஸ் அறுவை முடிந்து ஒன்றரை ஆண்டு. நெஞ்சுத் தையல் முழுவதும் தடித்து, கீழ் முனையில் இருபுறமும் விரிகிறது. சர்க்கரை நோயும் உண்டு. ஊசிக்குப் பதிலாக லேசர் மட்டும் செய்யலாமா?

மருதம் | புதன், காலை 8.45

தையலைத் தாண்டி விரிகிறது என்றால் கீலாய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். நெஞ்சு ஓயாமல் இழுபடும் இடம். கையைத் தூக்கும்போதும் மூச்சு வாங்கும்போதும் தையல் இழுக்கிறது. அந்த இழுவிசைதான் அங்கே கீலாய்டை வளர்க்கிறது என்பது ஒகாவா போன்றோரின் கருத்து. எனக்கும் அது சரியாகப் படுகிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, குறைந்த அளவில், பகுதி பகுதியாக ஊசி போடலாம். 1064 லேசர் கிடைக்கும் இடமாக இருந்தால் சேர்த்துக் கேளுங்கள். பல மாதங்கள் ஆகும் என்பதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிலிக்கோன் தாளை இன்றே தொடங்கலாம்.

எல்லோருக்கும் ஒன்று: சிகிச்சை செய்பவர் தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது பட்டயம் முடித்தவரா என்று கேளுங்கள். மருத்துவ மன்றப் பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை அல்ல. என்னிடம் கேட்பவர்களை நான் மதிக்கிறேன். லேசராக இருந்தால், முதலில் ஓரத்தில் ஒரு சிறு இடத்தில் மட்டும் செய்து, சில வாரம் பார்த்துவிட்டு மீதியைத் தொடச் சொல்லுங்கள். நம் தோல் காயத்துக்குப் பிறகு கருத்துப்போகும் தோல். வெயில் படாமல் காக்கவேண்டும்.

பவளமல்லி | 11 வாரங்கள் கழித்து, ஞாயிறு

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். அழகு நிலையத்துக்குப் போகவில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டினேன். மருதம் டாக்டர் சொன்னபடியே கையில் ஹைப்பர்ட்ரோபிக், காதில் கீலாய்டு என்றார்கள்.

காதுக்கு மூன்று ஊசி முடிந்தது. முதல் ஊசியின்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். செவிலி அம்மா சொன்னபடியே டாக்டரின் கட்டைவிரல் வெளுத்தது. மூன்றாவது ஊசியில் மருந்து தடையின்றி இறங்கியது. கட்டி இப்போது புளியங்கொட்டையில் பாதிகூட இல்லை. நடுவில் மிருதுவாகக் குழைகிறது. இன்னும் இரண்டு ஊசிகளுக்குப் பிறகும் மிச்சம் இருந்தால் மேற்பகுதியைச் செதுக்கிவிட்டு, உடனே ஊசியைத் தொடர்ந்து, அந்த இடத்தை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் கம்மல் போடலாம் என்கிறார்கள்.

கைக்கு சிலிக்கோன் தாள், பத்து நிமிட எண்ணெய்த் தடவல் தினமும் இருவேளை. சிவப்பு இன்னும் மூன்று மாதத்தில் குறையாவிட்டால் சாய லேசர் பார்க்கலாம் என்றார்கள்; அலைநீளம் எவ்வளவு என்று நான் கேட்டதும் அந்த இளம் டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "595" என்று சொல்லிவிட்டு, கருவி இருக்கும் அறைக்கே அழைத்துப்போய்க் காட்டினார். சுவரில் கண்ணாடிகள் வரிசையாகத் தொங்கின.

அரிப்பு நிற்கவில்லை, ஆனால் இரவில் எழுவது வாரத்துக்கு ஒருமுறையாகிவிட்டது. தலையணை உறை மூன்று வாரமாகச் சுத்தமாக இருக்கிறது. ஆற்றங்கரை அண்ணா, உங்கள் நெஞ்சுத் தழும்பு இப்போது எப்படி இருக்கிறது?

ஆற்றங்கரை | ஞாயிறு, இரவு 10.20

ஊசி ஐந்து முடிந்தது தங்கையே. கால்கள் இரண்டும் தட்டையாகிவிட்டன. நடுவில் மட்டும் இன்னும் மேடு. அடுத்த வியாழக்கிழமை ஆறாவது.